முதுகில் வைத்த திருகாணி நகர்ந்தால்...

மூத்தோர் நிலையம் ஒன்றில் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தவள். சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் எழுதுவதும், மருத்துவமனையில் தமிழ் பேசும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்ப்பதும் என் வேலை. இன்று நான் சொல்லும் மருத்துவச் செய்திகள் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்பவை. நான் சொந்தமாகக் கற்றுக்கொண்ட ஒரு பாடமும் இதில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா ஒருவர். வயது 72. வாகனமோட்டியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் கதையைச் சொல்லலாம், பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குக் கீழ் முதுகில் அறுவை சிகிச்சை செய்து, திருகாணிகளும் கம்பிகளும் பொருத்தியிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். காலையில் சந்தைக்கு நடந்து போவார், காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார். பிறகு மெல்ல மெல்ல வலி திரும்பியது. ஐந்து மாதம் தைலம் தேய்த்தே ஓட்டினார்.

மருத்துவர் அவரிடம், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஐயா என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் வலி. வயசு ஆச்சுல்ல" என்றார். நானும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சில கேள்விகள், சில பதில்கள், ஒரு மருந்துச்சீட்டு. முடிந்தது.

மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது ஐயா பேச்சுவாக்கில் சொன்னார்: "இப்பெல்லாம் வலது கால் செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குதும்மா. திரும்பிப் பார்த்தா, செருப்பு பின்னால கிடக்கு."

எனக்குத் திக்கென்றது. "அங்கிள், இதை டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "அது வலி இல்லையேம்மா. அவர் வலியைப் பத்தித்தானே கேட்டாரு" என்றார்.

உடனே இருவரும் திரும்பிப் போனோம். அந்தச் செருப்புக் கதையைக் கேட்டதும் மருத்துவரின் முகம் மாறியது. ஐயாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லிப் பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். பாதம் சரியாக எழும்பவில்லை. அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகில் இருந்த திருகாணிகளில் ஒன்று தளர்ந்து, இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருந்தது.

அந்த ஐயா இப்போது எப்படி இருக்கிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்களில் முதுகிலோ கழுத்திலோ "கம்பி வைத்தவர்கள்" தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைப் பார்ப்போம்.

முதுகில் என்ன வைத்திருக்கிறார்கள்?

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெத்தைபோல் ஒரு வட்டு உண்டு. எலும்புகளின் பின்பக்கம் ஒரு குழாய்போன்ற வழி இருக்கிறது. நரம்புகள் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன.

வயதாகும்போது வட்டு தேயலாம், ஓர் எலும்பு மற்றதன்மேல் சறுக்கலாம், நரம்பு போகும் வழி குறுகலாம். சிலருக்கு நரம்பின்மேல் உள்ள அழுத்தத்தை எடுத்துவிட்டு, ஆடுகிற இரண்டு மூன்று எலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை சிகிச்சை செய்வார்கள். எலும்புக்குள் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றைக் கம்பிகளால் பிணைப்பார்கள். தேய்ந்த வட்டை எடுத்த இடத்தில், 'கேஜ்' எனப்படும் சிறு கூடு ஒன்றை வைப்பதும் உண்டு. சுற்றிலும் எலும்புத் துணுக்குகளை இடுவார்கள்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. காலம் முழுவதும் முதுகைத் தாங்குவது அந்த உலோகம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. புதிய எலும்பு வளர்ந்து, இரண்டு எலும்புகளும் ஒன்றாகும் வரை அசையாமல் பிடித்து வைப்பதுதான் உலோகத்தின் வேலை. கான்கிரீட் கட்டியாகும் வரை பலகை அடித்து நிறுத்துகிறார்களே, அதுபோல. எலும்பு இணைவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சிலருக்கு முழுமையாக இணையாமலே போவதும் உண்டு.

பல ஆண்டுக்குப் பிறகு ஏன் நகர்கிறது?

முதல் காரணம், எலும்பு இணையாமல் போவது. ஒரு கம்பியைக் கையில் எடுத்து மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும். எலும்பு இணையாவிட்டால், நாம் குனிவதும் நிமிர்வதும் உட்காருவதும் எழுவதும் அந்தக் கம்பியைத்தான் ஒவ்வொரு முறையும் வளைக்கின்றன. நாளடைவில் கம்பி முறியலாம், அல்லது திருகாணி தளரலாம்.

இரண்டாவது, எலும்பு மெலிதல். உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவை நினைத்துப் பாருங்கள். பலகை ஊறிப் பொதபொதவென்று ஆகிவிட்டால், கீலில் இருக்கும் திருகாணி எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. எலும்பு நலிந்தவர்களின் முதுகிலும் அதுவேதான் நடக்கிறது. திருகாணி நல்ல திருகாணிதான், அதைப் பிடித்துக்கொள்ள எலும்புக்கு வலு இல்லை.

மூன்றாவது, கிருமித்தொற்று. அறுவை சிகிச்சை முடிந்து பல காலம் கழித்தும் இது வரலாம். சிறுநீர்த் தொற்று, பல் சீழ், காலில் ஆறாத புண் போன்றவற்றிலிருந்து கிருமி இரத்தத்தின் வழியாகப் போய் உலோகத்தின்மேல் தங்கிவிடுவது உண்டு. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

நான்காவது, கீழே விழுவது. குளியலறையில் ஒருமுறை சறுக்கி உட்கார்ந்தாலே போதும்.

இவை தவிர, திருகாணி அசையாமல் நன்றாக இருக்கும்போதே அதற்கு மேலோ கீழோ உள்ள எலும்பு பாதிக்கப்படலாம். இணைத்த பகுதி அசையாது அல்லவா? அந்த அசைவையும் பக்கத்து எலும்புகளே சேர்த்துச் சுமக்கின்றன. அதனால் அங்குள்ள வட்டு சீக்கிரம் தேயலாம். இதன் அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எது காரணம் என்பதைப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும்.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. முதுகில் கம்பி வைத்த பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால், "ஆப்பரேஷன் முடிந்து இத்தனை வருஷம் ஆச்சு, இனி அதனால் ஒன்றும் வராது" என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

வலி: அடங்கியிருந்த வலி மீண்டும் தொடங்கினால், அதைப் புதிய வலியாகவே எண்ணுங்கள். அசையும்போதும் எழுந்து நிற்கும்போதும் கூடி, படுத்தால் குறையும் வலியைக் கவனியுங்கள். முதுகுக்குள் "டக்" என்று சத்தம் கேட்பது, ஏதோ இடறுவதுபோல் இருப்பது ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

கால்: இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் பாய்வதுபோல் சுளீரென்று வலிப்பது, பாதம் மரத்துப்போவது, படி ஏறும்போது முழங்கால் மடிந்துகொள்வது, நடக்கும்போது பாதம் தரையில் தட்டுவது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் இருப்பது.

கை: கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் கையில் அடையாளம் தெரியலாம். சட்டைப் பொத்தான் போடுவது, சில்லறைக் காசு பொறுக்குவது, பூத்தொடுப்பது போன்ற வேலைகள் திடீரென்று கடினமாகும். நடையும் தள்ளாடலாம்.

தொண்டை: கழுத்தின் முன்பக்கமாக அறுவை சிகிச்சை செய்து தகடு பொருத்தியிருந்தால், அது நகர்ந்து உணவுக்குழாயை அழுத்தக்கூடும். இது அரிதாகத்தான் நடக்கும். ஆனாலும் சோறு தொண்டையில் நிற்பதுபோல் இருந்தால், விழுங்க முடியாமல் போனால், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தோலும் காய்ச்சலும்: பழைய தழும்பு சிவப்பது, வீங்குவது, அதிலிருந்து நீர் கசிவது. காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் வியர்ப்பது, எடை குறைவது. தோலுக்கு அடியில் முன்பு இல்லாத மேடு ஒன்று கைக்குத் தட்டுப்படுவது.

உருவம்: உடம்பு முன்னுக்குச் சாய்வது, அல்லது ஒரு பக்கமாகச் சரிவது. இது நமக்கே தெரியாது. தீபாவளிப் புகைப்படத்தைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

எப்போது 995ஐ அழைக்க வேண்டும்?

கீழ் முதுகில் நரம்புகள் குதிரை வால்போல் ஒரு கொத்தாகத் தொங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதும், இரண்டு கால்களுக்கும் உணர்வு தருவதும் இந்தக் கொத்துதான். இது நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாக வந்தாலும் காத்திருக்காதீர்கள்:

● சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது வருவதே தெரியாமல் போய்விடுவது
● மலம் தன்னறியாமல் போவது
● உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போவது. துடைக்கும்போது கை பட்டது தெரியாமல் இருப்பது
● இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் தளர்வது, அல்லது ஒரு கால் வேகமாக வலு இழப்பது
● முதுகு வலியோடு கடும் காய்ச்சலும் நடுக்கமும் வருவது

இரவு இரண்டு மணி என்றாலும் சரி, பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றாலும் சரி, அவர்களை எழுப்புங்கள். தனியாக இருந்தால் 995ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இதற்குக் கூச்சப்படவே கூடாது.

"கால் வரல" என்றால் என்ன?

இப்போது என் வேலைக்கு வருகிறேன். நம் தமிழில் உடம்பைப் பற்றிப் பேச எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. குடைச்சல் என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும். சொல்லிவிடுவேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் சொன்னால்தான் நான் சொல்ல முடியும்.

சில சொற்கள் மட்டும் குழப்பம் தரும். "கால் வரல" என்று பலர் சொல்வார்கள். அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். வலிப்பதால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. வலி இல்லை, ஆனால் காலில் வலு இல்லை. வலியும் இல்லை, வலுவும் இருக்கிறது, ஆனால் தரையில் கால் படுவது தெரியவில்லை. நமக்கு மூன்றும் "கால் வரல"தான். மருத்துவருக்கு மூன்றும் மூன்று செய்திகள். வலு குறைவது எல்லாவற்றையும்விட அவசரமானதாக இருக்கலாம்.

"முடியல", "ஒரு மாதிரி இருக்கு" என்பவையும் அப்படித்தான். எது முடியவில்லை என்று சொல்லுங்கள். "முன்பு மார்க்கெட்டுக்கு நிற்காமல் நடப்பேன், இப்போது இரண்டு புளோக் தாண்டுவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது" என்று சொன்னால், அது மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களைத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

1. எப்போது தொடங்கியது? விழுந்தீர்களா, எதையாவது தூக்கினீர்களா?
2. எந்த இடம்? விரலால் தொட்டுக் காட்டுங்கள். எதுவரை போகிறது?
3. வலியா, வலுக்குறைவா, மரத்துப்போவதா?
4. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது?
5. முன்பு செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை?

இன்னொன்று. மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்கச் சொல்வது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் சிறுநீர், மலம் பற்றிய பேச்சு வரும்போது பலர் பிள்ளைகள் முன்னால் வாயை மூடிக்கொள்கிறார்கள். என் முன்னால்கூடத் தயங்குவார்கள், நான் வயதில் சின்னவள் என்பதால். அப்படி இருந்தால் தமிழ் தெரிந்த ஊழியரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஆணா பெண்ணா என்பதில் உங்களுக்கு விருப்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எங்களுக்கு இவை புதியவை அல்ல. தினமும் கேட்கிறோம், வெளியே சொல்வதில்லை.

செய்யக் கூடாதவை

வலிக்கிற இடத்தை அழுத்திப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். தைலம் தடவுவதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, முறுக்கிச் சொடக்கு எடுப்பது, கழுத்தைத் திருப்புவது ஆகியவை ஆபத்து. உள்ளே திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பிடித்துவிடுகிறவருக்குத் தெரியாது. எந்தச் சிகிச்சையாளரிடம் போனாலும், "முதுகில் கம்பி இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள்.

நண்பர் கொடுத்த வலி மாத்திரை, சாலையோரத்தில் வாங்கிய ஜாமு, இணையத்தில் விற்கும் "மூலிகை" மருந்து ஆகியவற்றை உட்கொள்ளாதீர்கள். இப்படி விற்கப்படும் சில பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டறிந்து சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், மந்திரம்போல் இருக்கும். ஆனால் ஸ்டீராய்டு நாளடைவில் எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும், கிருமித்தொற்றை மறைக்கும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டால், பயந்துபோய் நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

அவசரம் இல்லாத அறிகுறி என்றால், உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்கலாம். பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் போனால், சிறப்பு மருத்துவரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்க முடியும். அறுவை சிகிச்சை செய்த பிரிவின் தொலைபேசி எண் இருந்தால் அங்கேயே அழைத்துக் கேட்கலாம்.

மருத்துவர் கால்களின் வலுவையும் உணர்வையும் சோதிப்பார். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். நின்றபடியும், குனிந்தும், பின்னால் சாய்ந்தும் எடுக்கச் சொல்வார்கள். படுத்திருக்கும்போது தெரியாத அசைவு அப்போதுதான் தெரியும். திருகாணி தளர்ந்திருக்கிறதா, எலும்பு இணைந்திருக்கிறதா என்று கூர்ந்து பார்க்க சிடி ஸ்கேன் உதவும். நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ. தொற்று இருக்கிறதா என்று அறிய இரத்தப் பரிசோதனை.

"உடம்பில் இரும்பு இருக்கிறதே, எம்ஆர்ஐ எடுக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். முதுகுத் திருகாணிகள் பெரும்பாலும் டைட்டேனியத்தால் ஆனவை. காந்தம் அதை இழுக்காது. பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பாக எடுக்க முடியும். உலோகத்துக்குப் பக்கத்தில் படம் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் எடுப்பதற்கு முன் கம்பி இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதயமுடுக்கி போன்ற வேறு கருவி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சிலர் அறுவை சிகிச்சையைச் சென்னையிலோ ஜொகூரிலோ செய்துகொண்டிருப்பீர்கள். அந்த விவரம் இங்குள்ள மருத்துவர்களின் கணினியில் இருக்காது. என்ன செய்தார்கள், எந்த எலும்பில் வைத்தார்கள், எந்த ஆண்டு என்ற விவரம் அடங்கிய காகிதங்களையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது நகர்ந்தது என்று தெளிவாகத் தெரியும்.

மறுபடியும் அறுவை சிகிச்சையா?

மருத்துவமனைக்குப் போகாமல் பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். "போனால் மறுபடியும் வெட்டுவார்கள்" என்கிறார்கள். திருகாணி தளர்ந்த எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. எலும்பு நன்றாக இணைந்து, வலியோ நரம்புத் தொந்தரவோ இல்லை என்றால், அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கலாம். சிலருக்கு மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் எலும்பை வலுவாக்கும் சிகிச்சையுமே போதும்.

நரம்பு நசுங்கினால், கம்பி முறிந்து வலி தாங்க முடியாவிட்டால், தொற்று இருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பழைய திருகாணியை எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரியதாகவோ நீளமாகவோ ஒன்றை வைப்பார்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கு எலும்புச் சிமெண்ட் வைத்து உறுதிப்படுத்துவதும் உண்டு. இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடச் சிரமமானது என்பது உண்மை. உங்கள் வயது, இதயம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். முடிவு உங்களுடையது.

செலவைப் பற்றிக் கவலை இருந்தால், மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு கிடைக்கும், அதற்கு மேல் என்ன உதவி உண்டு என்று அவர் விளக்குவார். பணத்துக்குப் பயந்து அறிகுறியை மறைக்காதீர்கள்.

வரும்முன் காப்போம்

உங்கள் எலும்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. வயதிலிருந்து கிலோகிராம் எடையைக் கழியுங்கள். 72 வயது, 48 கிலோ என்றால் 24 வருகிறது. விடை 20க்கு மேல் இருந்தால் எலும்பு நலிவதற்கான ஆபத்து அதிகம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 20க்குள் இருந்தாலும், சின்ன விழுதலிலேயே எலும்பு முறிந்திருந்தால், அல்லது ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் சாப்பிட்டிருந்தால் கேட்டுவிடுவது நல்லது. ஆண்களுக்கும் எலும்பு மெலியும் என்பதை மறக்க வேண்டாம்.

புகைப்பவர்கள் நிறுத்துங்கள். புகை எலும்பு இணைவதைத் தடுக்கிறது. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். பல்லையும் பாதத்தையும் கவனியுங்கள். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியை விடாதீர்கள்.

குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், வழுக்காத விரிப்புப் போடுங்கள். அரிசி மூட்டையை நீங்கள் தூக்க வேண்டாம், வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பேரக்குழந்தையைத் தரையிலிருந்து தூக்காமல், நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது, கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்வது போன்ற வேண்டுதல் இருந்தால், முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

கண்காணிப்புக்கு வரச் சொல்லும் தேதியைத் தவறவிடாதீர்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பலர் போவதில்லை. நன்றாக இருக்கும்போது எடுத்த எக்ஸ்ரேதான் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அந்த ஐயா

அவருக்கு மீண்டும் அறுவை சிகிச்சை நடந்தது. வலி பெருமளவு குறைந்துவிட்டது. கைத்தடி வைத்துச் சந்தைக்குப் போய் வருகிறார். ஆனால் வலது பாதத்தின் வலு முழுமையாகத் திரும்பவில்லை. செருப்புக்குப் பதிலாகக் கால் முழுவதையும் மூடும் காலணி அணிகிறார், உள்ளே பாதத்தைத் தாங்கும் பட்டையோடு. ஐந்து மாதம் முன்பே வந்திருந்தால் முழுதாகத் திரும்பியிருக்குமா என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும்" என்றார்.

அந்தப் பதில் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்று மின்தூக்கி சீக்கிரம் வந்திருந்தால், அந்தச் செருப்புக் கதையை நான் கேட்டிருக்கவே மாட்டேன். அதனால் இப்போது ஒவ்வொருவரிடமும் அறையை விட்டு எழுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "வேற ஏதாச்சும் இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க." நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும், இதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயது ஆனால் முடி நரைக்கும், கண் மங்கும். ஆனால் செருப்பு கழன்றது தெரியாமல் போவது வயதால் வருவதில்லை. அதைச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். புரியவைப்பது எங்கள் வேலை.